கறுப்பாகவே வந்த படம்

கோயமுத்தூர் சிங்காநல்லூரில் ஒரு மாடி வீட்டில் ஹெப்சிபா என்றொரு ஆசிரியை இருந்தாள். கணக்கைக் கொண்டு படம் எடுக்கிற வித்தையைச் சொல்லிக்கொடுத்தாள். ஃபிராக்டல் ஓவியம் என்று அதற்குப் பேர். ஒரு சின்ன சூத்திரத்தைக் கணினியிடம் கொடுத்தால் அது அலுக்காமல் திரும்பத் திரும்பக் கணக்குப் போடும். கிட்டப் போகப் போகப் படம் விரிந்துகொண்டே இருக்கும்.

அவளிடம் படித்தவர்களில் வயதில் மூத்தவர் சென்னியப்பன். பம்பு செட் கம்பெனியில் தரம் பார்க்கும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். வார்ப்பைக் கையில் எடுத்த மாத்திரத்தில் தேறும், தேறாது என்று சொல்லிவிடுவார். ஒன்றை இரண்டாம் முறை எடுத்துப் பார்த்ததாகச் சரித்திரம் கிடையாது. ஆசிரியைக்கு அவருடைய மூத்த மகளைவிட வயது குறைவு. அதில் அவருக்கு ஒரு கூச்சமும் இருந்ததில்லை.

அந்த வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. புதிதாகச் சேருகிறவருக்கு ஹெப்சிபா ஒரு விலாசம் கொடுப்பாள். விலாசம் என்றால் இரண்டு நீளமான தசம எண்கள். சூத்திரத்துக்குள் எந்த இடத்தைப் போய்ப் பார்க்க வேண்டும் என்று அவை சொல்லும். அங்கே போய் ஒரு படம் எடுத்து வர வேண்டும். அதுவரை மாடிப்படிச் சுவரில் அவர் பேர் எழுதிய படச்சட்டம் ஒன்று காலியாகத் தொங்கும்.

சென்னியப்பனுக்குப் பின்னால் சேர்ந்தவர்களின் சட்டங்கள் எல்லாம் நிரம்பிவிட்டன. அவருடையது மட்டும் வருஷக் கணக்காகக் காலி. அந்தப் பக்கம் பார்க்காமலே படியேற அவர் பழகிக்கொண்டிருந்தார்.

அவருடைய விலாசத்தில் எப்படி எடுத்தாலும் முழுக் கறுப்புதான் வந்தது. கணினிக்குத் தெம்பு போதவில்லை என்று மருமகன் சொன்னான். உடனே புதிய கணினி வந்தது. செங்கல் கனத்தில் கிராபிக்ஸ் கார்டு, சூடு தணிக்கத் தண்ணீர் ஓடும் குழாய், கண்ணாடிக் கதவு. படத்தின் அளவைக் கூட்டினார். விளிம்பை மழமழப்பாக்கும் வசதியைக் கடைசி வரை ஏற்றினார். நிறங்களை மாற்றி மாற்றிப் போட்டார். முன்பு கால் மணி நேரம் காக்கவைத்து வந்த கறுப்பு, இப்போது கண்ணை மூடித் திறப்பதற்குள் வந்து நின்றது.

ஒரு சனிக்கிழமை காலை அந்தக் கணினியையும் காரில் போட்டுக்கொண்டு வந்தார். ஹெப்சிபா சாம்பாருக்குச் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"எனக்குன்னு மாட்டுன சட்டத்தை வேற யாருக்காச்சும் குடுத்துருங்க டீச்சர்."

"ஏன் சார்?"

"அந்த எடம் வெத்துங்க. ஒண்ணுமே இல்லை." அவர் குரல் இறங்கியது. "எடத்தைக் குத்தம் சொல்லி என்ன பண்றது? எனக்கு இது வராதுங்க. இன்னியோட நிறுத்திக்கறேன்."

ஓய்வு பெற்ற பிறகு காலையில் ஆசையாகக் கண் விழிக்க அவருக்கு இருந்தது இந்தப் படங்கள் மட்டும்தான்.

ஹெப்சிபா உரித்த வெங்காயத்தைத் தட்டில் போட்டாள்.

"எத்தனை சுத்துல நிறுத்தினீங்க?" என்று கேட்டாள்.

ஒவ்வொரு புள்ளியும் எல்லையைத் தாண்டி ஓடுகிறதா என்று கணினி சுற்றுச் சுற்றாகக் கணக்குப் போட்டுப் பார்க்கும். ஓடினால், எத்தனையாவது சுற்றில் ஓடியது என்பதை வைத்து அதற்கு நிறம். ஓடாவிட்டால் கறுப்பு. எத்தனை சுற்று வரை பார்ப்பது என்பதை மட்டும் மனிதர்தான் சொல்ல வேண்டும்.

"ஐநூறுங்க. புரோகிராம்ல அதானுங்களே இருந்துச்சு."

அந்த எண்ணில் கை வைக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றியதே இல்லை. ஐந்நூறு சுற்று பார்த்தும் தேறாதது இனி எங்கே தேறப்போகிறது? ஒரே பார்வையில் தள்ளிப் பழகிய மனுஷர் அவர்.

புதிய கணினியை மேலே தூக்கி வரட்டுமா என்று கேட்டார். அது காரிலேயே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு, ஹெப்சிபா தன் பழைய கணினியைப் போட்டாள். சூடு தாங்காமல் அதன் பக்கவாட்டுத் தகட்டை எப்போதோ கழற்றி வைத்திருந்தாள். ஒரு மேசை விசிறி அதன் வயிற்றைப் பார்த்து ஓடியது.

அவருடைய விலாசத்தை அடித்து, இரண்டாயிரம் சுற்று என்றாள். கறுப்பு வந்தது.

பத்தாயிரம் என்றாள். கணினி முனகியது. அதற்கும் கறுப்பே வந்தது.

"நாந்தான் சொன்னனுங்களே" என்றார் சென்னியப்பன். தோற்றுப்போனாலும் தன் கணிப்பு பலித்ததில் அவருக்குக் கொஞ்சம் திருப்தி இருந்தது.

"சொன்னீங்க" என்றாள் அவள். ஒரு லட்சம் என்று அடித்துவிட்டு, வெங்காயத் தட்டை அவர் மடியில் வைத்துவிட்டு அடுப்படிக்குப் போனாள்.

படம் மேலிருந்து வரி வரியாக இறங்கியது. மேல் வரிகள் கறுப்பு. அவர் வெங்காயத்தை உரித்தார். இன்னும் சில வரிகள் கறுப்பு. பிறகு திரையின் இடது ஓரத்தில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு தூசி ஒட்டியிருந்தது. துண்டு நுனியால் துடைத்தார். போகவில்லை. அழுத்தித் துடைத்தார். அடுத்த வரியில் அது இரண்டாயிற்று.

அதற்குமேல் அவர் வெங்காயத்தைத் தொடவில்லை.

சாம்பார் கொதித்து, இருவரும் சாப்பிட்டு, பாத்திரம் கழுவி முடித்த பிறகும் கணினி ஓடிக்கொண்டிருந்தது. பாதிச் சோற்றில் அவர் இரண்டு தடவை எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வந்தார். மாலை வெயில் சன்னலுக்கு வந்தபோது படம் முடிந்தது. ஆரஞ்சுச் சுருள்கள், ஒவ்வொரு சுருளின் நுனியிலும் இன்னொரு சுருள், அதன் நுனியில் ஒரு நீல முடிச்சு. எல்லாவற்றுக்கும் நடுவில் பொன்வண்டு அளவுக்கு ஒரு கறுப்பு. இத்தனை நாளும் இது அங்கேயே இருந்திருக்கிறது என்று நினைக்க அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"நடுவுல இருக்கறது நெசமான கறுப்புங்களா டீச்சர்?"

"தெரியாது சார். ஒரு லட்சம் வரைக்கும் அது வெளிய வரலை. எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான்."

சட்டத்தை எடுத்து வரட்டுமா என்று கேட்டபடி அவர் எழுந்தார். ஹெப்சிபா படத்தைச் சேமிக்காமல் மூடினாள். திரையில் கணினியின் வெறும் முகப்புப் படம் நின்றது.

சென்னியப்பன் எழுந்த இடத்திலேயே நின்றுவிட்டார்.

"என்னங்க இப்படிப் பண்ணிட்டீங்க?"

"அது நான் எடுத்த படம் சார். உங்க சட்டத்துல எப்படி ஏறும்?"

"நான் எடுக்கறதா இருந்தா எப்பவோ எடுத்திருக்க மாட்டனுங்களா? எடம் வெத்தில்லை, ஒத்துக்கறேன். நான் என்னைச் சொன்னது நெசந்தானுங்களே. எனக்கு வராதுங்க டீச்சர்."

ஹெப்சிபா மேசை விசிறியை நிறுத்தினாள்.

"எத்தனை சுத்துல நிறுத்தினீங்க?"

சென்னியப்பன் வாசல் பக்கம் நடந்தார். படியில் இறங்கும்போது தன் பேர் எழுதிய சட்டத்தின் முன் நின்று அதை நன்றாகப் பார்த்தார். பிறகு கணினியை மேலே தூக்கி வரக் காருக்குப் போனார்.