மன்னரின் முதுகைத் தாக்கிய பகைவர்கள்

முன்னொரு காலத்தில், பெயரைச் சொன்னால் அந்த ஊர்க்காரர்கள் இன்றைக்கும் சண்டைக்கு வருவார்கள் என்பதால் நான் பெயர் சொல்லாமல் விடும் ஒரு நாட்டை, பெருவளவன் என்ற அரசன் ஆண்டுவந்தான். அவனுக்கு எல்லாம் இருந்தது. முதுகு நிறையப் பருவும் இருந்தது.

சிம்மாசனத்தில் சாய்ந்தால் எரிச்சல், சாயாவிட்டால் அரிப்பு. வைத்தியரிடம் காட்டலாமே என்பீர்கள். அங்கேதான் சிக்கல். அரசனின் முதுகைப் பார்த்தவன் அவனைப் போரில் ஓட ஓட விரட்டியவனுக்குச் சமம் என்று அந்த நாட்டில் சட்டம். குளிப்பாட்டும் ஆட்கள்கூட முன்பக்கம் மட்டும் தேய்த்துவிட்டுப் பணிவாகப் போய்விடுவார்கள்.

பிரதானி தருமசேகரர் ஒரு வழி கண்டுபிடித்தார். சிம்மாசனத்துத் திண்டில் கெட்டித் தைலத்தை ஊற்றி ஊறவைத்து, அதில் அரசனைச் சாயச் சொன்னார். பார்க்காமலே வைத்தியம் செய்துவிட்ட பெருமையில் மனிதருக்குக் கால் தரையில் படவில்லை. பருவோ இரண்டு மடங்கானது.

பழி தன்மேல் விழப்போகிறது என்றதும் பிரதானிக்கு அரண்மனை விகடகவி சடையாண்டியின் நினைவு வந்தது. அரசன் அவனோடு சிரித்துப் பேசுவதைப் பார்த்து நெடுநாளாக வயிறெரிந்துகொண்டிருந்தவர் அவர். சடையாண்டியால் ஆகாத காரியமே இல்லையாமே, இதையும் அவனிடமே விடலாமே என்று அரசன் காதில் போட்டுவைத்தார்.

அரிப்பில் இருந்தவனுக்கு யோசிக்கப் பொறுமை ஏது? "சடையாண்டி, பின்னாலிருந்து என்னைத் தாக்கும் பகைவன் யாராயிருந்தாலும் நாளை சங்கிலியில் கட்டி என் முன் நிறுத்து. பௌர்ணமிக்குள் என் முதுகு ஆற வேண்டும். நீ அதைப் பார்க்கவும் கூடாது. தவறினால் உன் முகத்தில் கரும்புள்ளி செம்புள்ளி குத்திக் கழுதைமேல் ஏற்றி நாட்டைவிட்டே துரத்துவேன்" என்றான்.

முதுகிலிருக்கும் புள்ளி முகத்துக்கு மாறுவதில் யாருக்கு என்ன லாபம் என்று கேட்க வாயெடுத்து, அடக்கிக்கொண்டான் சடையாண்டி. அன்று முழுவதும் அரசன் போகுமிடமெல்லாம், அவனுக்கு முன்பக்கமாகவே நின்று கவனித்தான்.

மறுநாள் அரண்மனை வாசலில் ஒரு மாட்டுவண்டி வந்து நின்றது. தைலத் திண்டு, தடித்த பட்டுச் சட்டை, ஒரு தட்டு அதிரசம், எல்லாம் சங்கிலியோடு சபைக்குள் கொண்டுவரப்பட்டன. சபை கொல்லென்று சிரித்தது. சடையாண்டி மட்டும் சிரிக்கவில்லை.

"மகாராஜா, தங்கள் முதுகை நெருங்கத் துணிந்தவர்கள் இவர்கள்தான். திண்டு பட்டாபிஷேகத்திலிருந்து குளித்ததே இல்லை. அதனோடு தைலமும் சேர்ந்து தோலை அடைக்கிறது. பட்டுச் சட்டை வியர்வையைச் சிறைவைக்கிறது. அதிரசத்தின் மேல் சந்தேகம்தான். பண்டிகைக்கு மட்டும் விட்டுவைக்கலாம். எண்ணெய் சொட்டும் தங்கள் தலைமுடியும் கூட்டாளிதான், அதை உச்சியில் கொண்டையாகக் கட்டிப்போட வேண்டும். மல்யுத்தம் முடித்துக் குளிக்காமலே சபைக்கு வரும் ஒருவர் பாக்கி. அவரைச் சங்கிலியில் கட்ட எனக்குத் துணிவில்லை" என்றான்.

அரசன் தாடியைத் தடவிக்கொண்டே யோசித்தான். திண்டை வெந்நீரில் அலசி வெயிலில் போடவும், தனக்கு மெல்லிய பருத்தித் துணி கொண்டுவரவும் சொன்னான். மல்யுத்தம் முடிந்த கையோடு குளிப்பதாகவும் ஒப்புக்கொண்டான். முதுகை யார் கழுவுவது, சட்டம் என்னாவது என்று பிரதானி குறுக்கிட்டார்.

பார்க்கக் கூடாது என்றுதான் சட்டம், கழுவக் கூடாது என்று இல்லையே என்றான் சடையாண்டி. கண்ணைக் கட்டிக்கொண்டு கழுவலாம். ஆனால் கட்டுக்குக் கீழே எட்டிப் பார்க்காத நேர்மையானவர் வேண்டும். சட்டத்தைக் கட்டிக் காக்கும் பிரதானியைவிட வேறு யார்?

அன்று முதல் பிரதானி தினமும் கண்ணைக் கட்டிக்கொண்டு, வேப்பிலை வெந்த நீரும் பயற்றமாவுமாக அரசனின் முதுகைக் கழுவினார். முதல் நாள் தூணைக் கழுவினார். அழுத்தித் தேய்த்தாலும் பருவைக் கிள்ளினாலும் வீங்கும் என்று திரைக்கு அப்பாலிருந்து சடையாண்டி எச்சரித்துக்கொண்டே இருந்தான்.

பௌர்ணமியும் வந்தது. பிரதானி கடைசி அம்பை எடுத்தார். "அரசே, முதுகு ஆறியதற்குச் சாட்சி எங்கே? பார்த்தால் குற்றம். பார்க்காவிட்டால் ஆதாரம் இல்லை. கழுதை வாசலில் காத்திருக்கிறது."

"சாட்சி தாங்கள்தான், ஐயா. தினமும் கழுவிய கை தங்களுடையது. முதுகு ஆறவில்லை என்றால் அந்தக் கை சரியாகக் கழுவவில்லை என்றுதானே பொருள்? எது உண்மை என்று சபையில் சொல்லுங்கள்" என்றான் சடையாண்டி.

வாசலில் கழுதை கத்தியது. "வழவழவென்று இருக்கிறது, அரசே" என்று முனகினார் பிரதானி.

அரசன் வயிறு குலுங்கச் சிரித்தான். சிரித்து ஓய்ந்ததும் எழுந்து சடையாண்டியின் அருகே வந்தான். தோளிலிருந்த மேலாடையை எடுத்து அவனுக்குப் போர்த்தினான். பிறகு, அந்த நாட்டில் எந்த அரசனும் செய்யாத ஒன்றைச் செய்தான். மெதுவாகத் திரும்பி நின்றான்.

"என்னை வென்றவன்தான் இதைப் பார்க்கலாம். நீ பார்" என்றான்.

சபை முழுவதும் கண்ணைப் பொத்திக்கொண்டது. சடையாண்டி மட்டும் கண் கலங்கப் பார்த்தான். ஒன்றிரண்டு பழைய தழும்புகள் இருந்தன. மற்றபடி, நல்ல முதுகு.