வித் கைசேர்த்து வைத்த கல்யாணம்

அந்தக் காலத்தில், சொற்களெல்லாம் கை கால் முளைத்து ஊர் கட்டிக் குடியிருந்தபோது, ஆங்கிலச் சொற்களின் ஊரில் வித் என்றொரு சின்னச் சொல் இருந்தான். அவனுக்கு ஒரே வேலை, சண்டையில் நடுவே நிற்பது. இரண்டு பக்கமும் கையை நீட்டி, மோதுகிறவர்களை ஆளுக்கொரு பக்கமாகத் தள்ளி நிறுத்துவான். சண்டை முடிந்ததும் அவனை யாரும் சீந்தமாட்டார்கள். அவன் கை பட்டால் உறவே அறுந்துபோகும் என்று ஊர் நம்பியது. பாவம், அவனும் நம்பினான். விருந்து நடக்கும் வீட்டுப் பக்கமே தலைவைத்துப் படுக்கமாட்டான்.

‘இவரோடு இவர்’ என்று சேர்த்துவைக்கும் வேலையை அந்நாளில் மிட் என்ற பழைய ஆங்கிலச் சொல் அம்மாள் பார்த்துவந்தாள். நல்ல கைராசிக்காரி. பன்னுக்கும் பட்டருக்கும் கல்யாணம் நடக்கும் நாளில் அவளைக் காணவில்லை. விசாரித்தால், ஆற்றுக்கு அக்கரையில் ஜெர்மன் சொற்களின் ஊரில் மகள் வீட்டோடு தங்கிவிட்டாளாம்! போகிறவள் சொல்லிவிட்டுப் போகக்கூடாதோ?

முகூர்த்தம் நெருங்கியது. அந்த ஊரில் ஏது முகூர்த்தம் என்று கேட்காதீர்கள். மணப்பெண் பட்டர் என்றால் வெயில் ஏறுவதற்குள் முடித்தாக வேண்டும், அவ்வளவுதான். கைசேர்த்து வைக்காமல் மணப்பெண் பந்தலைவிட்டு எழக்கூடாது என்பது ஊர் வழக்கம். வெயிலோ பந்தலுக்குள் நுழைந்துவிட்டது. பட்டரின் இடது தோள் பளபளவென்று வழியத் தொடங்கியது.

"எம் பொண்ணு உருகுறாளே! யாராச்சும் வாங்களேன்!" என்று கதறினாள் பட்டரின் தாய் மில்க்.

ஆட்களை வரிசையாக உட்காரவைக்கும் அண்ட் என்ற சொல் தலையைச் சொறிந்தான். "பக்கத்துல பக்கத்துல உக்கார வைப்பேன் அத்தை. கையப் பிடிச்சுக் குடுக்க எனக்குத் தெரியாது."

கதறலைக் கேட்டு ஓடிவந்த வித், வேலிக்கு வெளியே நின்று யோசித்தான். தொட்டால் பிரிந்துவிடுவார்களோ? தொடாவிட்டால் பெண்ணே மிஞ்சமாட்டாள். வேலியைத் தாண்டிக் குதித்தான்.

"வேண்டாம்ண்ணே! எம் பொண்ணு வாழ்க்கை நாசமாப் போயிரும்!" மில்க் குறுக்கே வந்து நின்றாள்.

"தள்ளத்தான் தெரியும் தங்கச்சி எனக்கு. இன்னைக்கு ஒருதரம் இழுத்துப் பாக்குறேன்."

கண்ணை இறுக மூடிக்கொண்டு, ஒரு கையில் பன்னையும் மறு கையில் பட்டரையும் பிடித்து நெஞ்சோடு இழுத்தான்.

வித் ஒற்றைக் கண்ணை மட்டும் திறந்து பார்த்தான். பன்னின் கை பட்டரின் கைக்குள் இருந்தது. பிரியவில்லை! வழிந்ததுகூட வீணாகாமல் பன்னிலேயே ஊறியிருந்தது. அப்பாடா என்று அவன் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"முதல் பந்தியில உங்களுக்குத்தாண்ணே முதல் எலை," என்று மில்க் அவன் முன்னால் இலை போட்டாள். அவனுக்குச் சாப்பாடு இறங்கவில்லை, சந்தோஷத்தில் அழுதுகொண்டிருந்தான்.

அன்று முதல்தான் இங்கிலீஷில் யார் யாரோடு சேர்ந்தாலும் நடுவே வித் வந்து நிற்கிறான், காபியோடு சர்க்கரை சேர்ந்தாலும் சரி, மனைவியோடு கணவன் சினிமாவுக்குப் போனாலும் சரி. சண்டை என்றாலும் பழைய பழக்கத்தில் ‘ஃபைட் வித்’ என்று அவனைத்தான் கூப்பிடுகிறார்கள். அவனும் போகிறான், ஆனால் இப்போதெல்லாம் இரண்டு பேர் கையையும் விடாமல் பிடித்துக்கொண்டுதான் நிற்கிறான்.