மாடியில் ஒரு நட்டு

ஏலகிரி அடிவாரத்து ஆசிரமத்துக்கு வந்து வேதரத்தினத்துக்கு ஒரு மழைக்காலம்கூட முழுதாகக் கழியவில்லை. அதற்குள் கிளம்ப முடிவு கட்டிவிட்டார். மின்வாரியத்தில் பெரிய இன்ஜினியராக இருந்தவர். பிறரைக் காக்கவைத்துத்தான் பழக்கம். இதற்கு முன் மூன்று குருமார்களைப் பார்த்து, மூவரையும் கழித்துக் கட்டியிருந்தார்.

இப்போதைய குரு திலகவதி அம்மா அவரைவிட வயதில் இளையவர். சமையற்கட்டில் கொத்தவரங்காய் நறுக்கிக்கொண்டிருந்தார்.

"காலையில கிளம்பறேம்மா."

"எங்க?"

"குற்றாலம் பக்கம் ஒரு சாமியாராம். கண்ணை மூடினா மனசு நின்னுடுதாம்."

"இங்க நிக்கலையா?"

"மந்திரத்தை மாத்தினேன். மாமரத்தடி, கிணத்தடின்னு இடத்தை மாத்தினேன். ஒண்ணும் வரலை. குறை எங்கிட்டயா, உங்ககிட்டயா? அது தெரிஞ்சா நிம்மதியா போவேன்."

"நேத்துக் காத்துல மாடியில டிவி டிஷ் திரும்பிக்கிச்சு. சீரியல் பாக்காத கோவத்துல ராஜாமணி ரசத்துல உப்பை அள்ளிக் கொட்டறா. அதைச் சரி பண்ணிட்டுப் போங்க."

இதுவா பதில் என்று முனகிக்கொண்டே வேதரத்தினம் மாடியேறினார். நட்டைத் தளர்த்தி டிஷ்ஷைத் திருப்பினார். கீழே டிவி முன்னால் சமையல்கார ராஜாமணி.

"வருதா?"

"இல்ல சார்."

இன்னும் திருப்பினார். இன்னும்.

"வந்துடுச்சு சார்."

அந்தக் குரல் மேலே வருவதற்குள் கை ஒரு சாண் போயிருந்தது.

"போச்சு சார்."

சட்டென்று பின்னால் இழுத்தார்.

"வந்துச்சு. போச்சு. என்ன சார், மாவா ஆட்டறீங்க?"

வேதரத்தினத்துக்கு வியர்த்துக் கொட்டியது. "பெட்டியிலதான் கோளாறு. வேற வாங்கணும்" என்று கீழே பார்த்துச் சொன்னார்.

அம்மா புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டே மேலே வந்தார். டிஷ்ஷின் விளிம்பைப் பிடித்து ஒரு நகக்கண் அளவு நகர்த்தினார். அப்படியே நின்றார்.

"வருதான்னு கேக்கட்டுமா?"

"சும்மா இருங்க."

இன்னொரு நகக்கண். மறுபடி நின்றார். வேதரத்தினத்துக்குக் கை பரபரத்தது. இரண்டையும் முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டார்.

கீழேயிருந்து ஒரு மாமியார் மருமகளை வைது தீர்க்கும் சத்தம் கணீரென்று எழுந்தது.

"வந்துடுச்சும்மா. யாரும் தொட்டுடாதீங்க."

வேதரத்தினம் டிஷ்ஷையே பார்த்தார்.

"இந்த இடத்தை நான் பல தடவை தாண்டிப் போனேனே."

"போனீங்க."

"அப்போ ஏன் நிக்கலை?"

"பெட்டி சிக்னலைத் தேடிப் பிடிக்கணும். அவ பார்த்துக் குரல் கொடுக்கணும். அதுக்குள்ள நீங்க அடுத்த ஊருக்குப் போயிடறீங்க."

வேதரத்தினம் மலைப் பக்கம் திரும்பினார்.

"போன ஆசிரமத்துலயும் வந்திருக்குமோ?"

"அங்கயே இருந்தவங்களைத்தான் கேக்கணும்."

"அப்போ காலையில நான்..."

அம்மாவின் கை இன்னும் விளிம்பிலேயே இருந்தது.

"நட்டை இறுக்குங்க வேதரத்தினம். நானே எவ்வளவு நேரம் பிடிச்சிட்டு நிக்கறது?"