பரண்மேல் இருந்த போர்

ஒரு காலத்தில், தாமிரபரணிக் கரையில் ஒரு வீட்டுப் பரணில் மரப்பெட்டி ஒன்று இருந்தது. பெட்டிக்குள் ஓர் ஓலைச்சுவடி. வடமொழியில் பாடிய பெரிய போர்க் காவியம் அது. ஒரே குலத்துப் பிள்ளைகள் ஒருவரை ஒருவர் கொன்று தீர்த்த கதை. அதைப் படிக்கிற வீட்டில் சண்டை வரும் என்று ஊரே நம்பியது. அதனால் பெட்டிக்கு ஒரு பித்தளைப் பூட்டு.

சரஸ்வதி பூஜையன்று மட்டும் பெட்டியை இறக்கிச் சந்தனமும் குங்குமமும் வைப்பார்கள். திறக்க மாட்டார்கள்.

"கும்பிடுறாங்க, கிட்ட வர மாட்டேங்கிறாங்க. அம்மை போட்ட பிள்ளையைப் பார்க்கிற மாதிரி பார்க்கிறாங்க" என்று சுவடி குறைப்பட்டுக்கொள்ளும்.

"பெரிய மரியாதைன்னா அப்படித்தான் இருக்கும். நான் பூட்டியிருக்கிற வரைக்கும் இந்த வீட்டுல சண்டை கிடையாது. பார்த்துக்கோ" என்று பூட்டு சொல்லும். அதற்குக் கொஞ்சம் தலைக்கனம்.

அந்த வீட்டில் அம்பலவாணனும் குற்றாலமும் இருந்தார்கள். அண்ணன் தம்பி. சின்ன வயதில் அப்பாவிடம் வடமொழி எழுதும் கிரந்த எழுத்தும் சுலோகமும் படித்தவர்கள். இப்போது இருவருக்கும் வயல்தான் வேலை. அம்பலவாணனின் மனைவி கோமு, கல்யாணமாகாத கொழுந்தனுக்கும் சேர்த்தே உலை வைப்பாள்.

அந்த வருஷம் வாய்க்காலில் தண்ணீர் குறைந்துபோனது. முறை வைத்துத்தான் பாய்ச்ச வேண்டியிருந்தது. ஒரு நாள் காலை முற்றத்தில் சத்தம் கேட்டது.

"முறை என்னோடது. மடையைத் திறந்தது யாருலே?"

"பயிரு கருகுது அண்ணே. செத்த நேரம் விட்டேன்."

"ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்லா."

"கேட்டா குடுத்திருப்பீயளோ?"

பரணில் சுவடிக்குத் தூக்கிவாரிப் போட்டது. "பூட்டு, கேட்டியா? இந்தப் பேச்சு என் ஏட்டில இருக்கு."

"சும்மா இரு. எல்லா வீட்டுலயும் பேசுறதுதான்."

"எல்லாப் போரும் எல்லா வீட்டுலயும் பேசுறதுலதான் ஆரம்பிக்கும். அடுத்து என்ன வரும்னு எனக்குத் தெரியும். பேச்சு நிக்கும்."

மறுநாள் பேச்சு நின்றது. கோமு கொழுந்தனுக்கு எடுத்து வைத்த குழம்புக் கிண்ணம் தொடாமல் கிடந்தது.

"அடுத்து ஆள் சேரும்" என்றது சுவடி.

ஆள் சேர்ந்தது. அண்ணனைப் பார்க்க முன்வாசல் வழியாக நாலு பேர் வந்தார்கள். தம்பியைப் பார்க்கக் கொல்லை வழியாக ஐந்து பேர். சுவடி எண்ணிப் பார்த்து நடுங்கியது. ஓலைகள் ஒன்றோடொன்று உரசிச் சரசரத்தன.

"பூட்டு, கெஞ்சிக் கேட்கிறேன். திறந்து விடு. யாராவது ஒருத்தர் படிச்சாப் போதும், இது எங்கே போய் முடியும்னு தெரிஞ்சிடும். கடைசி ஏடுகள்ல பொம்பளைங்க அழுகிற சத்தம் எனக்கே தாங்காது."

"திறந்தா சண்டை வரும்" என்றது பூட்டு.

"வந்துடுச்சே."

"அப்போ இன்னும் கெட்டியாப் பூட்டிக்கணும்" என்று பூட்டு பல்லைக் கடித்துக்கொண்டது.

நாலாம் நாள் அம்பலவாணன் கூரை இறவாணத்தில் செருகியிருந்த அரிவாளை உருவினான். முற்றத்துக் கல்லில் தண்ணீர் தெளித்துத் தீட்டினான். தீட்டி முடித்து மறுபடி செருகியபோது, அரிவாள் பரணை நிமிர்ந்து பார்த்தது.

"எனக்குப் படிப்பு கிடையாது. ஆனா உன் கதையில கடைசி வேலை என் ஜாதிக்குத்தான்னு கேள்விப்பட்டேன். நிஜமா?"

சுவடி தன் ஓலைகளை இறுக்கி மூடிக்கொண்டது.

"சின்னவன் கழுத்தை எனக்குத் தெரியும். அறுப்பு நாளுல என்னைத் தோள்ல போட்டுக்கிட்டு நடப்பான். வெதுவெதுப்பா இருக்கும்" என்றது அரிவாள்.



தீட்டின சத்தம் அடுப்படியில் இருந்த கோமுவுக்கும் கேட்டது. யாரைக் குற்றம் சொல்வது? புருஷனைச் சொல்ல முடியாது, கொழுந்தனையும் சொல்ல முடியாது. அண்ணாந்து பரணைப் பார்த்தாள்.

"எல்லாம் இந்தச் சனியனாலதான். போரை வீட்டுக்குள்ள வச்சிக்கிட்டு சமாதானமா இருன்னா எப்படி இருக்கும்? நாளைக்கு ஆடிப்பெருக்கு. ஆத்துல விட்டுடுவோம்" என்றாள்.

அது அண்ணன் தம்பி இருவருக்கும் சரி என்று பட்டது. அந்த நாலு நாளில் அவர்கள் ஒத்துக்கொண்டது அது ஒன்றுதான்.

"ஏட்டை ஆத்துல விட்ட பாவம் ஒருத்தர் தலையில மட்டும் விழப்படாது. ரெண்டு பேரும் தூக்குங்க" என்றாள் கோமு மறுநாள் காலையில். பெட்டியின் இரண்டு வளையங்களையும் ஆளுக்கு ஒன்றாகப் பிடித்துக்கொண்டு, முகம் பார்க்காமல் நடந்தார்கள். அம்பலவாணனின் இடுப்பில் அரிவாள் இருந்தது. பெட்டியை உடைக்க என்று சொல்லி எடுத்துவந்தான். குற்றாலம் அந்த இடுப்பையே பார்த்துக்கொண்டு வந்தான்.

கரையில் அரிவாளின் பின்பக்கம் பூட்டை ஒரே போடாகப் போட்டது. பூட்டு மணலில் விழுந்தது. அம்பலவாணன் சுவடியைக் கட்டியிருந்த கயிற்றையும் அறுத்தான்.

"முடிஞ்சது. நானும் போறேன், இவங்களும் போகப் போறாங்க" என்று சுவடி முனகியது.

கோமு ஏடுகளைப் பிரித்தாள். பாவமும் சமமாக இருக்கட்டும் என்று, பிள்ளைகளுக்கு முறுக்குப் பங்கு வைப்பதுபோல், உங்களுக்கு ஒன்று, அவருக்கு ஒன்று என்று மாற்றி மாற்றி இருவர் மடியிலும் வைத்தாள்.

ஏட்டைச் சும்மா தூக்கி எறிவது அந்தக் குடும்பத்தில் வழக்கமில்லை. அதில் உள்ளதை ஒரு முறை வாய்விட்டுச் சொல்லி விடைகொடுத்துத்தான் விடுவார்கள். பாதிச் சுலோகத்தோடு விட்டால் வம்சம் பாதியில் நிற்கும் என்று பயம். படிக்கிற வீட்டில்தானே சண்டை வரும், இது ஆற்றங்கரைதானே என்று மனதைத் தேற்றிக்கொண்டார்கள்.

ஏட்டை ஒரு கையால் பிடித்துப் படிக்க முடியாது. அம்பலவாணன் அரிவாளை மணலில் வைத்தான். முதல் ஏட்டைப் பிரித்துப் பிடித்துப் படித்தான். ஓரத்துக்கு வந்ததும் குரல் நின்றது. அந்தக் காலத்து எழுத்தர்கள் ஓலையில் நெல்முனை இடம் வீணாக்க மாட்டார்கள். சுலோகம் முடிந்ததா என்று பார்க்காமல் ஓரம் வரை எழுதி, மிச்சத்தை அடுத்த ஏட்டில் தொடர்வார்கள்.

"பாதியில நிக்கி" என்றான் அம்பலவாணன், யாரையும் பார்க்காமல்.

"மிச்சம் எங்கிட்ட இருக்கு" என்றான் குற்றாலம்.

அவன் படித்தான். சுலோகம் முடிந்தது, ஆனால் அவன் ஏட்டின் ஓரத்தில் இன்னொன்று பாதியில் நின்றது. அதன் மிச்சம் அண்ணன் மடியில். எந்த ஏட்டையும் ஆற்றில் விட முடியவில்லை. கோமு தண்ணீரையும் அவர்களையும் மாறி மாறிப் பார்த்தாள்.

வெயில் ஏறியது. கதையில் ஒரு தட்டில் சாப்பிட்ட பிள்ளைகள் வளர்ந்தார்கள்; பேச்சு நின்றது; ஆள் சேர்ந்தது. படைகள் எதிரெதிரே நின்றன.

"என் வேலை எப்போ வரும்?" என்று மணலில் கிடந்த அரிவாள் கேட்டது.

"பேசாம இரு" என்றது சுவடி.

குற்றாலம் ஏட்டை மடியில் இறக்கினான். "இதுக்கு மேல படிக்கப் பயமா இருக்கு அண்ணே."

அம்பலவாணன் அவன் பக்கமாக நகர்ந்து உட்கார்ந்தான்.

"எனக்கும் பயம்தாம்லே. மிச்சப் பாதி உங்கிட்டல்லா இருக்கு. படி."