எலுமிச்சைக்கு முன்

“‘என்னைத்தான் பழகிப் பார்க்காம கட்டிக்கிட்டீங்க, அது அந்தக் காலம். காரையுமா ஓட்டிப் பார்க்காம வாங்குவீங்க?’ இப்படிக் கேட்கிறாள், மாதாஜி. பூசை போடாத வண்டியில் எவனாவது ஏறுவானா?” என்றார் பொன்னுரங்கம்.

“கேட்டதைக் குறைச்சுச் சொல்றார்” என்றாள் அவர் மனைவி சௌந்தரம். “இன்னும் நல்லாவே கேட்டேன்.”

கொல்லிமலை ஆசிரமத்தில் மாதாஜி பூத்தொடுத்துக்கொண்டிருந்தார். பொன்னுரங்கத்தைவிட வயதில் சிறியவர். மிளகு மண்டி நடத்தும் அந்த மனிதர் பல வருடங்களாக அவர் முன்னால் தரையில் உட்கார்ந்து கேள்வி கேட்டு வந்தார். பதில் புரிந்தது என்று ஒருநாளும் சொன்னதில்லை.

வாசலில் கறுப்பாக ஒரு வெளிநாட்டுக் கார். பழையதுதான், ஆனால் ஏதோ ஆலை முதலாளி ஏறி இறங்கியதாம். சௌந்தரத்தை வாராவாரம் மலையிறக்கி நாமக்கல்லுக்கு டயாலிசிஸுக்குக் கொண்டுபோக வேண்டும். கொண்டை ஊசி வளைவுகளில் இப்போதிருக்கும் சின்னக் கார் அவளை இடுப்பொடியக் குலுக்கி எடுத்தது. இதில் மெத்தையில் சாய்ந்தபடி போவாள். அதை நினைத்தாலே பொன்னுரங்கத்துக்குக் கண் கலங்கியது.

சின்னக் காரை மாற்றாக எடுத்துக்கொண்டு இதை விற்க புரோக்கர் தயாளன் காத்திருந்தான். நல்ல நேரத்தில் சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைக்க வேண்டும், பிறகுதான் ஏறுவது என்று பொன்னுரங்கம் சொல்லிவிட்டார். ஓட்டிக் காட்டாமலே விற்கலாம், அவனுக்கு அதைவிட வேறென்ன வேண்டும்?

“எலுமிச்சை இருக்கட்டும். சாப்பிட்டு, பஜனையும் முடித்துவிட்டு வருவோம்” என்றார் மாதாஜி.

பஜனை முடிந்து பூசைத் தட்டும் பூவுமாக வெளியே வந்தபோது காரின் மூக்கு தரையைத் தொடப் பார்த்தது. பின்பக்கம் மட்டும் தூக்கி நின்றது.

பொன்னுரங்கம் கைகூப்பினார். “மாதாஜி, உங்களைச் சேவிக்கிறது.”

“சேவிக்கட்டும். எந்திரிக்குமா?” என்றாள் சௌந்தரம்.

“ஏர் சஸ்பென்ஷனுங்க அக்கா” என்றான் தயாளன். “காத்துல நிக்கிற வண்டி. சும்மா நின்னா கொஞ்சம் உட்காரும். பெரிய வண்டிங்கள்ல சகஜமுங்க.”

ஏறி எஞ்சினைக் கிளப்பினான். மூக்கு மெல்ல மெல்ல உயர்ந்து நிமிர்ந்தது. பொன்னுரங்கத்துக்கும் மூச்சு வந்தது. சௌந்தரம் ஜன்னலுக்குள் எட்டிப் பார்த்தாள்.

“அதென்ன மஞ்சளா ஒரு விளக்கு?”

“சும்மா ஞாபகப்படுத்துதுங்க.”

“எதை?”

தயாளன் எஞ்சினை அணைத்துவிட்டு இறங்கினான்.

“நடுவழியில் உட்கார்ந்து எந்திரிக்காம போனா?”

“வெளிநாட்டுல இருந்து சாமான் வரவழைக்கணுங்க. எப்படியும் வந்துரும்.”

“அதுவரைக்கும் என் ரத்தம் காத்துக்கிட்டு இருக்குமா?”

பொன்னுரங்கத்துக்குத் தலை சுற்றியது. விழுந்தது, சரி. எழுந்தும்விட்டது. விழுந்ததைக் குறை என்பதா, எழுந்ததைக் குணம் என்பதா? அவள் இடுப்பைப் பார்ப்பதா, உயிரைப் பார்ப்பதா? இரண்டுக்கும் சேர்த்துத்தானே இந்தக் காரைத் தேடினார்?

“வாங்கலாமா, கூடாதா? ஒரே வார்த்தை சொல்லுங்கள் மாதாஜி.”

மாதாஜி திண்ணையில் உட்கார்ந்து பூவைத் தொடுத்துக்கொண்டே இருந்தார். பொன்னுரங்கம் மறுபடி கேட்க வாயெடுக்கும்போது தயாளனின் போன் அடித்தது. மகள். அடிவாரத்துப் பள்ளிக்கூட வாசலில் நிற்கிறாளாம். கூட்டிவர வேண்டிய சித்தப்பா வரவில்லை, மழை இருட்டிக்கொண்டு வருகிறது, வாட்ச்மேன் கேட்டைப் பூட்டுகிறார்.

“அங்கேயே நில்லு கண்ணு. அப்பா இதோ கிளம்பிட்டேன்” என்றவனின் குரல் மாறியிருந்தது.

மாதாஜி பூவைக் கீழே வைத்தார். பூசைத் தட்டிலிருந்த எலுமிச்சைகளை எடுத்து ஓரமாக வைத்தார். பொன்னுரங்கத்திடம் கை நீட்டி சின்னக் காரின் சாவியை வாங்கினார். தயாளனிடமும் கை நீட்டினார். அவன் ஒன்றும் புரியாமல் பெரிய காரின் சாவியைக் கொடுத்தான். இரண்டையும் தட்டில் போட்டார்.

“பூசை ஆகவில்லை. அதனால் எதுவும் இன்னும் கைமாறவில்லை” என்றார். “வியாபாரத்தை நாளைக்குப் பேசிக்கொள்ளலாம். எதை எடுத்துப் போனாலும் விடிந்ததும் இவர்களுக்கு வண்டி வேண்டும், கொண்டுவந்துவிடுங்கள்.”

தட்டைத் தயாளன் முன்னால் நீட்டினார்.

“குழந்தை தனியாக நிற்கிறாள். மழைக்கு முன்னால் போய்ச் சேர வேண்டும். உங்களுக்கு எது தோதோ அதை எடுத்துக்கொண்டு கிளம்புங்கள்.”

தயாளனின் கை தட்டு வரைக்கும் வந்தது. பெரிய காரின் சாவியைத் தொடாமல் அங்கேயே நின்றது. அவன் பொன்னுரங்கத்தைப் பார்த்தான். பொன்னுரங்கம் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“எடுங்கள், தம்பி” என்றார் மாதாஜி.