கூலி கேட்காத காவல்

மிராசுதார் சபாபதிக்கு ஆந்தையைத் தவிர வேறெதற்கும் பயமில்லை. அவர் வயலில் எலிகள் புகுந்து, பால் பிடித்த கதிரை வெட்டித் தள்ளின.

களையெடுக்கும் பவுனுவை அழைத்தார். "அறுப்புக்குள்ள எலி ஒழியணும். இல்லேன்னா உனக்கு இங்க வேலை கிடையாது. தனிக் கூலியும் தரமாட்டேன்."

"கூலி கேக்காத ஆளுங்களக் கூட்டியாரேன் ஐயா. அவங்கள நீங்க விரட்டக் கூடாது."

மிராசுதார் ஊரார் முன்னால் சரியென்றார்.

பவுனு வயலெங்கும் உயரமான குச்சிகளை நட்டு, உச்சியில் குறுக்குக் கட்டை கட்டினாள். இரவில் ஆந்தைகள் வந்து உட்கார்ந்து எலி பிடித்தன.

அறுப்பன்று விடியலில் ஆந்தையைப் பார்த்த மிராசுதார் வரப்பிலேயே நின்று கத்தினார். "ஆந்தை வந்தா குடும்பமே அழியும்னு தெரியாதா உனக்கு?"

"அழிஞ்சிடுச்சுங்க ஐயா" என்றாள் பவுனு. "எலிக் குடும்பம்."

அறுக்க வந்த பெண்கள் சிரித்துக்கொண்டே ஒதுங்கி, மரியாதையாக அவளுக்கு வழிவிட்டார்கள். முதல் கதிரை அவள்தான் அறுத்தாள்.