தாழையூரை மூழ்கடித்தவன்

பதினோரு ஆண்டுகள் வடகரையும் தென்கரையும் ஒன்றையொன்று வெட்டி ஓய்ந்தபின் மருதநாட்டுக்கு நீலவேணி அரசியானாள். முடிசூடிய அன்று இரண்டு வாக்குக் கொடுத்தாள். தென்கரையாரிடம், "ஏரியை உடைத்துத் தாழையூரை மூழ்கடித்தவன் எவனாயினும் தூக்கில் தொங்குவான்" என்றாள். வடகரையாரிடம், "போரில் செய்ததற்காக உங்களில் யாரையும் தண்டிக்க மாட்டேன்" என்றாள். இரண்டும் ஒரே ஆளின் தலையில் வந்து விடியும் என்று அப்போது அவள் நினைக்கவில்லை.

ஆவணிக் கடைசியில் விருபாக்கன் என்ற வடகரைக் கல்தச்சன் தானாகவே அரசியைத் தனியே காண வந்தான்.

"ஏரி மதகைத் தகர்த்தவன் நான்தான். அதன் அடிக்கட்டு தெரிந்தவர்களில் உயிரோடு இருப்பவனும் நான் ஒருவனே. ஐப்பசி மழைக்குள் கட்டாவிட்டால் இரு கரையும் போய்விடும், தாயே."

அரசி அன்றே ஆலோசனைக்கு மூவரை அழைத்தாள்.

"தூக்கிலிடுங்கள்," என்றார் சேனாதிபதி மழவராயர். "முதல் வழக்கிலேயே நீதி தவறினால், நாளை அவனவன் கத்தியை எடுப்பான்."

"யார் உடைத்தது என்று வெளியே மூச்சு விடாதீர்கள்," என்றார் அமைச்சர் நம்பியார். "அவன் பாட்டுக்குக் கட்டிவிட்டுப் போகட்டும். கிளறினால் வடகரை மறுபடி எழும்."

மூன்றாமவள் உலகுடையாள், தாழையூரின் சபை உறுப்பினர். அந்த வெள்ளத்தில் தன் பெண்கள் இருவரையும் பறிகொடுத்தவள். அவள் சொன்னாள்: "எங்கள் ஊர் நடுவில் நின்று செய்ததைச் சொல்லட்டும். செத்தவர்கள் பெயரை எங்கள் வாயிலிருந்து ஒவ்வொன்றாகக் கேட்கட்டும். பிறகு மதகைக் கட்டட்டும்."

"அவனை மன்னித்துவிட்டாயா?" என்றாள் அரசி.

"இல்லை. மிச்சமிருக்கிறவர்களாவது பிழைக்க வேண்டாமா?"

வாசகரே, மூவரில் யார் சொன்னது சரி? அதை ஏற்றால், அரசி தன் வாக்குக்கு என்ன பதில் சொல்வாள்?

விடை: உலகுடையாள் சொன்னதே சரி. தூக்கிலிட்டால் மதகு எழாது. மறைத்தால் எழும், ஆனால் பிள்ளைகளைக் கொன்றவன் யாரென்று தெரியாமலே தாழையூர் அந்தத் தண்ணீரைக் குடிக்க வேண்டும். மற்ற இருவரும் பிறருடைய துக்கத்துக்கு விலை பேசினார்கள். அவள் தன்னுடையதைக் கொடுத்தாள். அரசி அவள் வழியே நடந்தாள். மதகு மழையைத் தாங்கியது. தென்கரைக்குக் கொடுத்த வாக்கு பொய்த்ததால், தை பிறந்ததும் நீலவேணி மணிமுடியைக் கழற்றிச் சபையில் வைத்துவிட்டுப் போனாள். விருபாக்கன் உயிரோடிருந்தவரை உலகுடையாள் அந்த ஏரிப்பக்கம் போகவேயில்லை.